எண்ணாயிரத்து இருநூறு

அமெரிக்காவில் ஊஸ்ட்பர்க் என்கிற எங்கள் ஊரில் எந்த எஞ்சின் இருமினாலும் ஆள் ஓடுவது ஆர்வின் லென்சிங்கிடம்தான். பால் லாரி, சோளம் அறுக்கிற யந்திரம், மிச்சிகன் ஏரியில் போகிற மீன்படகு, சீஸ் ஆலையின் பம்பு என்று சுற்றுவட்டாரத்தில் அவர் கை படாத இரும்பு குறைவு. வந்தவரை உட்காரச் சொல்லமாட்டார். எஞ்சினை ஓடவிட்டு, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு ஒரே ஒரு வாக்கியம் வரும். "மூணாவது சிலிண்டர்ல வால்வு எரிஞ்சிருக்கு." அவ்வளவுதான் உபசாரம். எங்கள் பக்கத்து டச்சுக்காரர்களே வாயைத் திறப்பதை வீண்செலவாக நினைக்கிறவர்கள். அவர்களுக்குள்ளும் இவர் கஞ்சர்.

இரண்டாம் உலகச் சண்டைக்காலத்தில் பசிபிக் தீவு ஒன்றில் மூன்று வருடம் படகு எஞ்சின்களோடு கிடந்தார். திரும்பி வந்ததும் வெர்னா ஹெசலிங்கைக் கல்யாணம் செய்துகொண்டார். தாய் தகப்பன் இல்லாத வெர்னாவோடு அவள் தம்பி ரோலண்டும் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தான். ஆர்வினுக்கும் வெர்னாவுக்கும் பிள்ளை பிறக்கவில்லை. ரோலண்ட் இருந்ததால் அந்தக் குறை தெரியவில்லை என்று வெர்னா சொல்வாள். ஆர்வின் அப்படியெல்லாம் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் சாப்பாட்டு மேஜையில் பெரிய இறைச்சித் துண்டு யார் தட்டுக்குப் போகிறது என்பதை வந்த விருந்தாளிகள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

ரோலண்ட் வளர்ந்து பால் டேங்கர் ஓட்டினான். சிரிப்பும் பேச்சும் அவனுக்கு அதிகம். அவன் ஓட்டுகிற வேகத்துக்கு, ஆலைக்குப் போய்ச் சேரும்போது பாதிப் பால் வெண்ணெயாகி இருக்கும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அக்காவிடம் பயமில்லை, போதகரிடம் பயமில்லை. ஆர்வினிடம் மட்டும் பயம். ஆர்வின் ஒருநாளும் அவனை அடித்ததில்லை. ஒரு தப்பு நடந்தால் நாலு நாள் பேசாமல் இருப்பார், அது போதும்.

அறுபதுகளின் கடைசியில் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஒரு கார்ப் பந்தயம் நடந்தது. மற்ற பந்தயங்களில் எஞ்சின் இவ்வளவுதான் இருக்கலாம், எடை இவ்வளவு இருக்கவேண்டும் என்று புத்தகம் முழுக்கச் சட்டம் இருக்கும். இதில் அப்படிக் கேட்பார் யாருமில்லை. நான்கு சக்கரத்தையும் மூடி, இரண்டு பேர் உட்காரப் பெயருக்கு இடம் காட்டிவிட்டால் போதும். எஞ்சினை எவ்வளவு பெரிதாகக் கட்டுகிறாய் என்பது உன் சாமர்த்தியம். ஏழு லிட்டரில் ஆரம்பித்தவர்கள் எட்டுக்குப் போனார்கள், எட்டைத் தாண்டியும் குடைந்தார்கள். அலுமினியத்தில் வார்த்த எட்டுச் சிலிண்டர் ஓட்டுகிறவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். காற்றுக் குழல் எட்டும் ஆகாயத்தைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும். கிளப்பிவிட்டால் பக்கத்தில் நிற்கிறவன் நெஞ்செலும்பு அதிரும்.

ஷெபாய்கன் நகரத்தில் சாஸேஜ் எனப்படும் தொத்திறைச்சி செய்கிற ஆலை முதலாளி ஒருவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. பெரிய அணி ஒன்று ஓட்டிக் கழித்துப்போட்ட காரை வாங்கி, தன் தொத்திறைச்சியின் நிறத்தையே அதற்குப் பூசி, ஓட்டுவதற்கு ரோலண்டையும் எஞ்சினுக்கு ஆர்வினையும் பிடித்தார். பெரிய அணிகளிடம் ஒரு காருக்கு நாலைந்து எஞ்சின் இருக்கும். இவர்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று. குளிர்காலம் முழுவதும் ஆர்வின் அதைக் கொட்டகையில் பிரித்துப் பிரித்துச் சேர்த்தார். எட்டு பிஸ்டனையும் தராசில் நிறுத்து, அதிகமாக இருந்ததை அரம் போட்டுத் தேய்த்து, எட்டும் ஒரே எடை வரும்வரை விடவில்லை. முதல் தடவை அது கிளம்பியபோது பக்கத்துப் பண்ணையில் கோழிகள் மூன்று நாள் முட்டையிடவில்லை என்பார்கள். அன்று ஆர்வின் கண்ணில் தண்ணீர் நின்றது. புகைதான் காரணம் என்று அவரே சொன்னார், யாரும் கேட்காமலே.

அணியில் மூன்றாவது ஆள் ஓட்டோ பிரால். சீஸ் ஆலையில் வேலை, பருத்த உடம்பு, பீர்ப் பிரியன், ஞாயிற்றுக்கிழமைக் கண்டிப்பு இல்லாத லூத்தரன் சபை. பந்தயத்தின்போது சுவரோரம் நின்று, ஓட்டுகிறவனுக்கு எழுத்துப் பலகை காட்டுவது அவன் வேலை. அந்தக் காலத்தில் காருக்குள் பேச வேறு வழி கிடையாது.

தொல்லை என்னவென்றால், பந்தயங்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தன. ஆர்வினின் சபையில் ஞாயிறன்று புல் வெட்டினாலே பேச்சு வரும். விஷயம் பரவி, இரண்டு மூப்பர்கள் கறுப்புக் கோட்டோடு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வெர்னா காபியும் கேக்கும் வைத்தாள்.

"ஆர்வின், ஓய்வுநாள்ல எஞ்சின் வேலை பாக்குறியாமே?"

"ஓட்டுறது ரோலண்டு."

"அவன் கதைய அப்புறம் பேசிக்கலாம். உன்னக் கேக்குறோம்."

ஆர்வின் கேக் தட்டை நகர்த்தி வைத்தார். "ஞாயித்துக்கிழமை ஸ்பேனரத் தொடமாட்டேன். காலையில கோயிலுக்கு வந்துட்டுத்தான் போவேன். போய் நிப்பேன், அவ்வளவுதான்."

மூப்பர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நிற்பது பாவம் என்று வேதத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. இன்னொரு துண்டு கேக் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அது ஒப்பந்தம். சனிக்கிழமை மாலைக்குள் ஆர்வின் தன் வேலையை முடித்துவிடுவார். ஞாயிறு காலையில் எஞ்சினைச் சூடேற்றுவது ஓட்டோ. ஆர்வின் ஆராதனை முடிந்து கழுத்தில் டையோடும் வாயில் பெப்பர்மின்டோடும் வந்து, இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு சுவரோரம் நிற்பார்.

"போதகரே, ஜெபம் பண்ணி எண்ணெய் ஊத்தலாமா, நாங்களே ஊத்திடட்டுமா?" என்று ஆர்வினைக் கிண்டல் பண்ணுவான் ஓட்டோ. ஆர்வின் இன்னொரு பெப்பர்மின்டை வாயில் போட்டுக்கொள்வார்.

ஆர்வினுக்கும் ரோலண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சண்டை இருந்தது. அது வாய்விட்டுப் போட்ட சண்டையே இல்லை. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் வட்டத்தில் இரண்டு முள் உண்டு. வெள்ளை முள் எஞ்சினோடு ஏறி இறங்கும். சிவப்பு முள் ஏறின உச்சத்திலேயே நின்றுவிடும், ஒரு சின்னக் குமிழை அழுத்தினால்தான் கீழே வரும். ஓட்டுகிறவன் எஞ்சினை எவ்வளவு துன்புறுத்தினான் என்று அது காட்டிக்கொடுக்கும். ஓட்டோ அதற்கு வைத்த பெயர் சாட்சிக்காரன். ஆர்வின் கட்டிய எஞ்சினுக்கு ஆறாயிரத்து எண்ணூறு வரம்பு. அதற்கு மேல் போனால் பிஸ்டனைப் பிடித்திருக்கிற ராடு என்கிற தண்டின் போல்ட்டுகள் இழுபட்டு நீண்டுவிடும். வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது.

ரோலண்ட் வரம்பைத் தாண்டாத நாளே இல்லை. ஆனால் உள்ளே வருவதற்கு முன் குமிழை அழுத்திவிட்டு, நேர்ச்சாலையில் ஒரே ஒரு தடவை மரியாதையாக ஆறாயிரத்து எழுநூறு வரை இழுத்துக்கொண்டு வந்து நிற்பான். மூன்று வருடமாகச் சாட்சிக்காரன் சொன்னது ஒரே சாட்சி. ஆர்வினுக்கு அது பொய் என்று தெரியும்; காதே சொல்லிவிடும். "முள்ளு நல்ல பிள்ளையா நிக்குதே" என்று ஒரு தடவை சொன்னார். ரோலண்ட் சிரித்தான். அதற்குப் பிறகு ஆர்வின் அந்த முள்ளைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். பொய் சொல்கிறவனை எத்தனை நாள் விசாரிப்பது?

எழுபத்தொன்றாம் வருடம் ஆகஸ்ட் கடைசி. எல்கார்ட் லேக்கில், காட்டுக்குள் நான்கு மைல் சுற்றி வரும் தடத்தில் பந்தயம். வீட்டிலிருந்து அரைமணிக்குச் சற்று அதிகமான தூரம்தான், ஊரே வரப்போகிறது. சனிக்கிழமை நாலு மணிக்குப் பயிற்சி முடிந்து ரோலண்ட் உள்ளே வந்தான். தலைக்கவசத்தைக் கழற்றினான். சிரிப்பைக் காணோம்.

"எப்படி?" என்றார் ஆர்வின்.

"ஓடுது."

இறங்கி, காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தான். கையுறையைக் கழற்றினான், மறுபடி மாட்டினான். "ஆர்வின், கிளம்பறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒரு தடவ பாத்துடு."

"நான் என்னைக்குப் பாக்காமப் போயிருக்கேன்?"

"அதுக்கில்ல..." என்று இழுத்தான் ரோலண்ட். அதற்குள் ஓட்டோ, "டேய், பிராட்வர்ஸ்ட் கருகுது, வாடா!" என்று தொத்திறைச்சி வாட்டுகிற அடுப்போரமிருந்து கத்தினான். ரோலண்ட் போய்விட்டான்.

ஆர்வின் பார்த்தார். பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார், வால்வு இடைவெளி அளந்தார், எண்ணெய் வடிகட்டியை வெட்டி விரித்து இரும்புத் தூள் இருக்கிறதா என்று தேடினார். எல்லாம் சுத்தம். வீட்டில் வெர்னா சாப்பாட்டோடு காத்திருப்பாள். வழக்கம்போல ஒரு துணியை எடுத்து, உட்காரும் இடம், ஸ்டியரிங், கண்ணாடி வட்டங்கள் எல்லாவற்றையும் துடைத்தார். துடைக்கும்போதே கட்டைவிரல் குமிழை அழுத்தியது. வேலை முடிந்தது என்று விளக்கை அணைப்பதைப் போல, மூன்று வருடப் பழக்கம். சிவப்பு முள் கீழே வந்தது. எங்கிருந்து வந்தது என்று அவர் பார்க்கவில்லை.

ஞாயிறன்று பிரசங்கம் நீண்டது. ஆர்வின் தடத்துக்கு வந்தபோது கார் வரிசைக்குப் போகத் தயாராக நின்றது. ரோலண்ட் உள்ளே உட்கார்ந்து இருக்கைப் பட்டியை இறுக்கிக்கொண்டிருந்தான்.

"எல்லாம் சரிதானே?" என்று கேட்டான். அவரையே பார்த்துக்கொண்டு கேட்டான்.

"சரிதான். போ."

ரோலண்ட் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு நிம்மதி அவனுக்கு எதற்கு என்று ஆர்வினுக்குப் புரியவில்லை. பந்தயத்துக்கு முந்தின படபடப்பு என்று நினைத்துக்கொண்டார்.

முப்பதாவது சுற்றில் தொத்திறைச்சிக் கார் ஆறாவது இடத்தில் இருந்தது. இதுவரை அது அப்படிப் போனதே இல்லை. மேட்டில் நின்ற ஊர்ஜனம் தொப்பியைத் தூக்கி வீசியது. ஓட்டோ குதித்ததில் சுவரே ஆடியிருக்கவேண்டும். கார் அவர்களைக் கடந்து போன அந்த ஒரு நொடியில் ஆர்வின் பெப்பர்மின்டைக் கடித்துவிட்டார். அந்தப் பெரிய முழக்கத்துக்கு அடியில் ஒரு தட்டல். லேசாக. கதவை விரல்கணுவால் தட்டுகிற மாதிரி.

"அவன உள்ள கூப்பிடு."

"என்னது?"

"கூப்பிடு ஓட்டோ. ராடு தட்டுது."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே! ஆறாவது வர்றான்யா, போதகரே! இப்பப் போய்க் கூப்பிடச் சொல்றியே, உனக்கு மண்ட கிண்ட குழம்பிருச்சா?"

அடுத்த தடவை கார் வந்தபோது ஓட்டோ பலகையில் வெறும் ஆறு என்ற எண்ணைத்தான் பிடித்திருந்தான். ஆர்வின் கை பாக்கெட்டிலிருந்து வெளியே வந்து பலகையை நோக்கிப் பாதி தூரம் போய் நின்றது. பலகை ஸ்பேனர் ஆகுமா? ஆகாது. ஆனால் ஓய்வுநாளில் வேலை, வேலைதானே? அந்த யோசனை ஒரு மூச்சு நேரம்கூட இல்லை. கார் போய்விட்டது. தட்டல் இப்போது பெரிதாகக் கேட்டது. இனி அது சுற்றி வரும்வரை இரண்டேகால் நிமிடம் காத்திருப்பதைத் தவிர மனிதனால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. மரங்களுக்கு அப்பால் அந்தச் சத்தம் இறங்குவதையும் ஏறுவதையும் கேட்டுக்கொண்டு ஆர்வின் நின்றார். காலம் எருமை மாதிரி நகர்ந்தது.

இந்தத் தடவை பலகையை அவரே பிடுங்கிக்கொண்டார். உள்ளே வா என்று எழுத்தை மாற்றிச் சொருகி, சுவருக்கு மேல் ஏறி, கோயில் கோட்டோடு தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். ரோலண்ட் பார்த்தான். கையை உயர்த்தினான். வருகிறேன் என்று அர்த்தம்.

"வர்றான், வர்றான்" என்றான் ஓட்டோ. அவனுக்கும் இப்போது கேட்டிருந்தது.

பள்ளத்தில் இறங்கியது சத்தம். இடப்பக்கம் திரும்பியது. ரோலண்ட் மெதுவாகத்தான் வருகிறான். காட்டுக்குள் போகும் வளைவு வந்தது. மற்ற கார்களுக்கு நடுவில் தன் எஞ்சினை மட்டும் ஆர்வின் காதால் பிடித்துக்கொண்டிருந்தார், கையை நீட்டினால் எட்டும்போல இருந்தது. பிறகு ஏதோ உடைகிற ஓசை. பிறகு அந்தச் சத்தம் இல்லை. மற்றவை எல்லாம் ஓடிக்கொண்டே இருந்தன. மரங்களுக்கு மேலே கறுப்பாகப் புகை எழுந்தது.

தண்டு உடைந்து எஞ்சினைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, எண்ணெய் பின்சக்கரத்தில் கொட்டி, கார் மரத்தில் போய் மோதித் தீப்பிடித்தது. ரோலண்டை உயிரோடு எடுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரியில் அவனுக்கு நினைவு தெளிவாக இருந்தது. மார்புவரை கட்டு. ஒரு பக்கம் வெர்னா, மறுபக்கம் ஆர்வின். ரோலண்ட் ஆர்வினைப் பார்த்துப் பேச ஆரம்பித்தான்.

"முள்ளு அப்படியே இருந்துச்சுல்ல?"

"எந்த முள்ளு?"

"சாட்சிக்காரன். எண்ணாயிரத்து இருநூறு." சிரிக்கப் பார்த்தான். "சனிக்கிழமை கடைசிச் சுத்துல, மூணாவது கியர்லேருந்து நாலுக்குப் போடவேண்டியது ரெண்டுல விழுந்துருச்சு. எஞ்சின் கத்துச்சு பாரு, என் உசுரே போச்சு. குமிழ அழுத்தப் போனேன். வேணாம்னு விட்டுட்டேன். வாயால சொல்ல முடியல, நீ நாலு நாள் பேசமாட்ட. ஆனா இந்தத் தடவ மறைக்கக் கூடாதுன்னு விட்டுட்டு வந்தேன். காலையில பாத்தா முள்ளு கீழ இருந்துச்சு. சரி, ஆர்வின் பாத்துட்டாரு, பாத்துட்டுதான் சரிங்கிறாருன்னு நெனச்சேன்."

ஆர்வின் தன் கட்டைவிரலைப் பார்த்தார். மூன்று வருடத்தில் அவன் சொன்ன ஒரே உண்மை, அதைத் துணியோடு துணியாகத் துடைத்துப்போட்டாயிற்று. பார்த்திருந்தால் சனிக்கிழமை மாலையே எண்ணெய்த் தொட்டியைக் கழற்றிப் பதினாறு போல்ட்டையும் மாற்றியிருப்பார். இரண்டு மணி நேர வேலை. அவன் கண்ணில் ஒரு பெருமை இருந்தது. நான் மறைக்கவில்லை பார் என்கிற பெருமை. நீ சொன்னதை நான் கேட்கவே இல்லை என்று இந்த நிலைமையில் அவனிடம் எப்படிச் சொல்வது?

"பாத்தேன்" என்றார் ஆர்வின். "நீ மறைக்காம விட்டதப் பாத்தேன்டா."

ரோலண்ட் தலையை ஆட்டினான். மெல்ல மெல்ல அவன் நெற்றி சுருங்கியது.

"பாத்துட்டுமா என்னைப் போகச் சொன்ன?"

இந்தக் கேள்வி வரும் என்று ஆர்வினுக்குத் தோன்றவே இல்லை. இப்போது உண்மையைச் சொல்லலாம். ஆனால் எது உண்மை, எது ஆறுதல் என்று அவன் எப்படிப் பிரிப்பான்? நர்ஸ் வந்து ஊசி போட்டாள். ரோலண்ட் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஆர்வின் நினைத்தார். மறுநாள் அவனுக்கு ஆளைத் தெரியவில்லை. வியாழக்கிழமை போய்விட்டான்.

அடக்கத்துக்கு ஊரே வந்தது. மூப்பர்கள் ஆர்வின் கையைப் பிடித்துக் கர்த்தருடைய சித்தம் என்றார்கள். ஓட்டோ மட்டும் ஓரமாக நின்று, தலைப்பிள்ளையைப் பறிகொடுத்தவன் மாதிரி அழுதான். வெர்னா அழவில்லை. பத்து நாள் சமைத்தாள், துவைத்தாள், தட்டு வைத்தாள். பதினோராம் நாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

"நீ முள்ளப் பாத்தியா?"

"பாக்கல, வெர்னா. சத்தியமாப் பாக்கல. துடைக்கும்போது கை தன்னால அழுத்திருச்சு."

"அவங்கிட்டப் பாத்தேன்னு சொன்னியே."

"அவனுக்காகச் சொன்னேன். அவன் மறைக்காம விட்டது வீணாப் போச்சுன்னு அவனுக்குத் தெரிய வேணாம்னு."

வெர்னா கத்தியைக் கீழே வைத்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "இருபத்தஞ்சு வருஷமா உன்கூட இருக்கேன். ரோட்டுல எவன் வண்டியோ போனா, அதுல எந்த போல்ட்டு லூசுன்னு சொல்ற ஆளு நீ. கண்ணு முன்னாடி செவப்பா நின்ன முள்ள நீ பாக்கலையா?"

"பாக்கல."

"தாங்கும்னு நெனச்சே. அது தாங்கல. அவ்வளவுதானே? மனுஷன் கணக்குத் தப்பும், ஆர்வின். அதச் சொல்லிட்டுப் போயேன்."

"இல்ல வெர்னா, நான் பாக்கவே..."

"அவனுக்காக ஒண்ணு சொன்னேங்குற. இப்ப எனக்காக இன்னொண்ணு சொல்றியாக்கும்?"

அதற்குப் பிறகு அவர்கள் பதினெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தார்கள். பந்தயத்தின் பக்கம் ஆர்வின் போகவில்லை. டிராக்டர்களும் மீன்படகுகளும் வந்துகொண்டிருந்தன. வருடத்துக்கு ஒரு தடவையாவது, காபி குடிக்கும்போதோ கோயிலிலிருந்து திரும்பும் வழியிலோ, "நான் பாக்கல வெர்னா" என்பார். வெர்னா ஒவ்வொரு தடவையும் அவர் கையைத் தட்டிக்கொடுத்து, "நான்தான் எப்பவோ மன்னிச்சிட்டேனே" என்பாள்.